'எழுத வேண்டாம்' என்று எழுதிய கோப்பு

ஹேரம்ப் கானிட்கர் திருடியது நாலு லட்டு. டப்பாவில் குறைந்ததோ எட்டு.

எண்ணிக்கையில் தவறு இருக்க வழியே இல்லை. தீபாவளிக்காக சுலபா உருட்டிய கடலைமாவு லட்டு மொத்தம் அறுபது. உருட்டி அடுக்கும்போது அவள் வாய்விட்டு எண்ணினாள். ஹாலில் செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு இவனும் மனசுக்குள் எண்ணினான். சனிக்கிழமை ரெண்டு, ஞாயிற்றுக்கிழமை ரெண்டு, ஆக நாலுதான் எடுத்தான். எடுத்த இடம் தெரியாதபடி மிச்சத்தைப் பரப்பியும் வைத்தான். திங்கட்கிழமை காலையில் மறுபடி அலமாரியைத் திறந்து பார்த்தால், டப்பாவில் ஐம்பத்திரண்டு லட்டுதான் உட்கார்ந்திருக்கிறது.

ஹேரம்புக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வீட்டில் ஒரு திருடன் இருக்கிறான். தன்னைத் தவிர இன்னொரு திருடன்! என்ன துணிச்சல்!

ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது? "நான் நாலுதான் எடுத்தேன், மிச்ச நாலு எங்கே?" என்று மனைவியிடம் கேட்கிற அளவுக்கு அவன் இன்னும் தைரியசாலி ஆகவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் டாக்டர் அவனுடைய ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, தீபாவளி அன்று ஒரே ஒரு லட்டு, அதுவும் சின்னதாக, என்று தீர்ப்பு சொல்லியிருந்தார். தீர்ப்பை நிறைவேற்றும் பொறுப்பு சுலபாவுக்கு. பேர்தான் சுலபா. பல்கலைக்கழகப் பரீட்சைப் பிரிவில் பத்தொன்பது வருடம் கண்காணிப்பு அதிகாரி. கைக்குட்டையை உதறச் சொல்வாள், காலணியைத் தட்டச் சொல்வாள், அழிரப்பரைத் திருப்பிப் பார்ப்பாள். பிறந்தது புணேயின் சதாசிவ் பேட்டில். அந்தப் பேட்டைக்காரர்கள் வாயால் சொல்ல வேண்டியதை அட்டையில் எழுதி மாட்டிவிடுவார்கள். லட்டு டப்பாவின் மேலும் ஓர் அட்டை ஒட்டியிருந்தது: "இது டப்பா. உள்ளே இருக்க வேண்டியது லட்டு. வெளியே இருக்க வேண்டியது நீங்கள்."

நரக சதுர்த்தசி அன்று விடியலில் எண்ணெய்க் குளியல் முடியும்வரை தீபாவளிப் பட்சணத்தை யாருமே தொடக் கூடாது என்று வீட்டுச் சட்டம் வேறு இருந்தது. அதையும் மீறி ஒரு கை டப்பாவுக்குள் போகிறது. யார் கை?

வீட்டில் இருப்பது மூன்று பேர். சுலபாவுக்கு நெய் ஆகாது. மிச்சம், ஹாலில் தண்டால் எடுத்துக்கொண்டிருந்த சுலபாவின் அண்ணன். ஓய்வுபெற்ற சுபேதார் ஸ்ரீரங்க் பிடே. ரத்னாகிரியிலிருந்து தீபாவளிக்காக வந்து இறங்கியிருந்தார். அவருடைய மீசைக்குள் அரை லட்டை ஒளித்துவைத்துக்கொண்டு ஆற அமர சாப்பிடலாம். அத்தனை அடர்த்தி.

அன்று சாயங்காலம் தேநீரை வைத்துவிட்டு சுலபாவே ஆரம்பித்தாள்.

"ஏங்க, லட்டுல எட்டு குறையுது."

"எட்டா!"

அந்த ஆச்சரியத்தில் பாதி நிஜம். அதனால்தான் அது நன்றாக வந்தது.

"ஏன், நாலுன்னு சொல்லியிருந்தா இவ்ளோ ஆச்சரியப்பட்டிருக்க மாட்டீங்களோ?"

"சேச்சே. பாரு, வீட்டுல மூணு பேரு. ஒருத்தனுக்குச் சர்க்கரை. ஒருத்திக்கு நெய் ஆகாது. மிச்சம் யாரு?"

"என் அண்ணனையா சொல்றீங்க?"

"நான் யாரையும் சொல்லலை. கழிச்சுப் பார்த்தேன், அவ்ளோதான்."

"இருபத்தெட்டு வருஷம் நாட்டு எல்லையைக் காத்த மனுஷன்."

"எல்லையைத்தானே காத்தாரு? லட்டையா காத்தாரு?"

சுலபா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சட்டைக் காலரைப் பார்த்தாள். நகக்கண்ணைப் பார்த்தாள். ஹேரம்ப் கையை மேஜைக்கடியில் இழுத்துக்கொண்டான்.

"சுலபா, வாய்ப்பேச்சு வேண்டாம். அத்தாட்சி வேணும். அலமாரிக் கதவுல நான் ஒரு ஏற்பாடு பண்றேன்."

இதில் ஹேரம்பை மிஞ்ச ஆள் கிடையாது. புணேயின் கணினி நிறுவனப் பேட்டையான ஹிஞ்சவாடியில் பதினாறு வருடமாக நிரல் எழுதுகிறான். பைத்தான் மொழியில் 'லாகிங்' என்று ஒரு வசதி உண்டு. நிரல் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு வருடா வருடம் அதைப் பாடம் எடுப்பது ஹேரம்ப்தான். "என்ன நடந்தாலும் எழுதி வை. எழுதாதது நடக்கவே இல்லை" என்று மேஜையைத் தட்டிச் சொல்வான்.

"கதவு திறந்தா நேரத்தோட தானா எழுதிக்கும், மச்சான்" என்று சுபேதாரிடமும் விளக்கினான். சொல்லும்போது அவருடைய முகம் வெளுக்கிறதா என்று பார்த்தான். மீசைக்குப் பின்னால் முகம் இருப்பதே சரியாகத் தெரியவில்லை.

"எங்க முகாம் வாசல்லயும் இப்படித்தான் மாப்ளே. ஒரு சிப்பாய் உக்காந்து எழுதுவான்."

"இங்க ஆளே இல்லாம எழுதும்."

"அப்ப அதுக்கு லட்டு குடுக்க வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடு."

"திறந்தது யாருன்னு எப்படித் தெரியும்?" இது சுலபா. கேள்வி கேட்பது அவள் பிழைப்பு.

"நேரம் இருக்குமே. நேரம் மட்டும்தான் எழுதும். அந்த நேரத்துல யாரு எங்க இருந்தாங்கன்னு பார்த்தா விஷயம் வெளிய வந்துடும்."

"சரி. அப்ப நிபந்தனையை இப்பவே பேசிடுவோம்" என்று சொல்லி அவள் அட்டையும் பேனாவும் எடுத்துக்கொண்டாள். கதவு எழுதுகிற அந்த நாட்குறிப்புக் கோப்பை நரக சதுர்த்தசி விடியலில் மூன்று பேர் முன்னால்தான் பிரிக்க வேண்டும். திருடியது வேறு யாராவது என்றால், அன்று ஹேரம்புக்குத் தட்டு நிறைய பட்சணம். எத்தனை லட்டு என்று யாரும் கேட்கக் கூடாது. திருடியது ஹேரம்ப் என்றால் அந்த ஒரு லட்டும் கிடையாது. அது மட்டுமல்ல, ஹோலிப் பண்டிகை வரைக்கும் தினமும் விடியற்காலை ஐந்தரைக்கு அண்ணனோடு பர்வதி மலை ஏற வேண்டும். நூற்று மூன்று படி.

ஹேரம்ப் லிஃப்ட் வேலை செய்யாவிட்டால் அலுவலகத்துக்கே லீவு போடுகிறவன். படி என்ற சொல்லைக் கேட்டதுமே அவன் முழங்கால் முனகியது. இருந்தாலும் கையெழுத்துப் போட்டான். அவனிடம் ஒரு யுக்தி இருந்தது.

செவ்வாய்க்கிழமை வீட்டிலிருந்தே வேலை. அலமாரிக் கதவில் ஒரு காந்தச் சுவிட்சை வைத்து, உள்ளங்கை அளவுக் கணினி ஒன்றோடு இணைத்தான். பிறகு நிரல். லாகிங்கில் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு குரல் உண்டு. ஐந்து குரல். அடியில் இருப்பது 'டீபக்', வெறும் முணுமுணுப்பு. அதற்கு மேல் 'இன்ஃபோ', சாதாரணப் பேச்சு. அப்புறம் 'வார்னிங்', எச்சரிக்கை. அதற்கும் மேலே இரண்டு, கத்தலும் கதறலும். எந்தக் குரலுக்குக் கீழே இருப்பதை எழுத வேண்டாம் என்று ஒரே ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும். குடும்பத்திலும் இப்படி ஒரு வரி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஹேரம்ப் அடிக்கடி ஏங்குவான்.

யுக்தி இதுதான். கதவு திறக்கும்போது ஹேரம்பின் போன் பக்கத்தில் இருந்தால் செய்தி முணுமுணுப்பு. போன் பக்கத்தில் இல்லாவிட்டால், அதாவது வேறு யாராவது திறந்தால், செய்தி எச்சரிக்கை. எச்சரிக்கையை எழுது, முணுமுணுப்பை விட்டுவிடு. சட்டைப்பையில் போனை வைத்துக்கொண்டு போனால் டப்பாவையே காலி பண்ணலாம். கோப்பில் மச்சான் மட்டும் மாட்டுவார்.

முதலில் போனைச் சரியாக அடையாளம் காண்கிறதா என்று பார்க்க வேண்டுமே. அதனால் நிரலின் தலையில், முணுமுணுப்பு உட்பட எல்லாவற்றையும் கோப்பில் எழுது என்று ஒரு வரி போட்டான். தன் வருகைக்கான செய்தியையும் ரசித்து எழுதினான்: "நம்ம ஆள். எழுத வேண்டாம்." போனோடு போய் இரண்டு தடவை கதவைத் திறந்தான். கோப்பைப் பார்த்தான். "நம்ம ஆள். எழுத வேண்டாம்" இரண்டு தடவை வந்திருந்தது. அற்புதம்!

இனி முணுமுணுப்பை அடக்க வேண்டியதுதான். தலையில் இருந்த அந்த வரியைத் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. ஓடிக்கொண்டிருக்கிற வரியைத் தொடக் கூடாது என்பது அவன் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பயம். அதனால் இரண்டாவது வரியாக, "எச்சரிக்கைக்குக் கீழே எதையும் எழுதாதே" என்று கீழே சேர்த்தான். மறுபடி ஓடவிட்டு, போனோடு போய்க் கதவைத் திறந்தான். திரும்பி வந்து திரையைப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. கோப்பில் எழுதச் சொன்ன நிரல் திரையில் எதற்கு எழுதும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். அதற்குள் வாசல் மணி அடித்தது.

சுலபா கைப்பையைக்கூடக் கழற்றவில்லை.

"எந்திரிங்க அங்கேருந்து."

"ஏன்?"

"கேள்வித்தாள் தயாரிச்சவரே கவரை ஒட்டக் கூடாது. கடவுச்சொல்லை நான் மாத்திடுறேன். இனிமே தீபாவளி அன்னிக்குத்தான்."

உட்கார்ந்தவள் உடனே எழுந்திருக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே வந்தாள்.

"என்ன பண்றே?"

"படிக்கிறேன்."

"இது மராத்தி இல்லை. உனக்குப் புரியாது."

"புரியலைன்னாலும் படிச்சுட்டுத்தான் ஒட்டுவேன். பழக்கம்."

படிக்கட்டும், பாவம் என்று ஹேரம்ப் பெருந்தன்மையோடு விட்டுவிட்டான்.

மறுநாள் காலையில் அவனுடைய போன் சார்ஜர் ஹாலில் இல்லை. சமையலறையில், அலமாரிக்குப் பக்கத்துப் பிளக்கில் இருந்தது. மேலே ஓர் அட்டை: "போன் இங்கே சார்ஜ் ஆகும். மனிதர்கள் இங்கே நிற்க வேண்டாம்."

"இது எதுக்கு இங்க?"

"ஹால்ல ஒயர் அண்ணன் கால்ல தட்டுது."

ஹேரம்புக்கு உள்ளூர சந்தோஷம்தான். போனை எடுக்கிற சாக்கில் அலமாரிப் பக்கம் போகலாமே. காலையில் குளிக்கப் போகும்போது போனை அங்கே சொருகிவிட்டுப் போனான். அவன் குளியல் அரை மணி நேரம். அதில் இருபது நிமிஷம் பாட்டு.

அந்த ஐந்து நாளும் அவன் ராஜாவாக வாழ்ந்தான். சட்டைப்பையில் போன், வாயில் லட்டு. மொத்தம் ஆறே ஆறு தடவைதான், ஒவ்வொரு தடவையும் ஒன்றே ஒன்று. பேராசை கூடாது பாருங்கள். ஒவ்வொரு தடவையும் மிச்சத்தை எண்ணினான். தினமும் அவன் எடுத்தது போக இரண்டு குறைந்தது. தவறாமல் இரண்டு. கடிகாரம் மாதிரித் திருடுகிறாரே மனுஷன், ராணுவ ஒழுங்கு என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டான். கோபம் போய் ஒரு குதூகலமே வந்துவிட்டது. தினம் ஓர் எச்சரிக்கை கோப்பில் ஏறுகிறது. ஏறட்டும்.

ஆனால் சந்தேகம் பொல்லாதது. சும்மா இருக்க விடவில்லை. வெள்ளிக்கிழமை மச்சான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மூக்கை நீட்டி மோந்து பார்த்தான்.

"என்ன மாப்ளே, சளியா?"

"இல்லை மச்சான். எங்கேருந்தோ நெய்யும் கடலைமாவும் சேர்ந்து வாசனை வருது."

சுபேதாரும் மோந்து பார்த்தார். "ஆமா. உங்க சட்டைலேருந்துதான் வருது."

ஹேரம்ப் சட்டையை மாற்றப் போய்விட்டான்.

நரக சதுர்த்தசி விடிந்தது. வாசனைப் பொடியும் எண்ணெயும் தேய்த்துக் குளித்துவிட்டு, வாசலில் நரகாசுரன் பேரில் வைத்திருந்த கசப்புக் காயைக் குதிகாலால் நசுக்கினான். நசுக்கும்போது அந்தக் காய்க்கு மீசை வைத்து நினைத்துக்கொண்டான். கூடத்தில் விளக்கு. நடுவில் மூன்று தட்டு. அவன் தட்டில் லட்டு மலை. ஒரு வெள்ளித் தாள் போட்டு மூடியிருந்தது. சுலபா கடவுச்சொல்லைப் போட்டாள். கோப்பைத் திறந்தாள்.

"அண்ணா, உங்களுக்குத்தான் கணீர்னு குரல். வாசிங்க."

குற்றவாளியே குற்றப்பத்திரிகையை வாசிக்கப் போகிறான்! ஹேரம்ப் சோபாவில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டான்.

சுபேதார் எழுந்து நின்று, நெஞ்சை நிமிர்த்தி, அணிவகுப்பில் உத்தரவு வாசிப்பதுபோல் வாசித்தார்.

"செவ்வாய். மாலை அஞ்சு மணி. டீபக். நம்ம ஆள். எழுத வேண்டாம்."

ஹேரம்பின் கால் தானாக மடங்கியது.

"செவ்வாய். அஞ்சு ரெண்டு. டீபக். நம்ம ஆள். எழுத வேண்டாம். செவ்வாய். அஞ்சே முக்கால். டீபக். நம்ம ஆள். எழுத வேண்டாம்."

"அந்த மூணும் சோதனை ஓட்டம் அண்ணா. தள்ளிடுங்க. நியாயம்னு ஒண்ணு இருக்கு."

"புதன். காலை ஏழரை. டீபக். நம்ம ஆள். எழுத வேண்டாம். புதன். ராத்திரி பதினொண்ணு அஞ்சு. டீபக். நம்ம ஆள்..." சுபேதார் நிறுத்தினார். "சுலபா, எழுத வேண்டாம்னு எழுதியிருக்கு. இந்த மாதிரிக் குழப்பமான உத்தரவை நான் சர்வீஸ்ல பார்த்ததே இல்லை. மேலே வாசிக்கவா, வேண்டாமா?"

"வாசிங்க."

வாசித்தார். சோதனையும், அன்று விடியலில் தட்டு வைக்கத் திறந்ததும் போக மொத்தம் பதினொன்று. பதினொன்றும் நம்ம ஆள். எச்சரிக்கை ஒன்றுகூட இல்லை.

எச்சரிக்கை எங்கே? மச்சான் எங்கே? இதென்ன அநியாயம்!

"புதன்கிழமை ஏழரைக்கு நான் குளிச்சுட்டிருந்தேன்! பாடினேனே, கேட்டியா இல்லையா?"

"கேட்டேன். தெருவே கேட்டது."

"அப்புறம் எப்படி நானாக முடியும்? போன் மட்டும்தானே அங்க சார்ஜ்ல..."

சட்டென்று நிறுத்திக்கொண்டான். சுலபா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"போனுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? நேரம் மட்டும்தான் எழுதும்னீங்களே?"

ஹேரம்ப் மச்சானைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். மூடியிருந்த தட்டைப் பார்த்தான். ஒருவன் செய்யாத திருட்டுக்கும் எத்தனை நேரம்தான் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியும்?

"பொய்! பதினொண்ணெல்லாம் சுத்தப் பொய்! நான் திறந்தது ஆறே ஆறு தடவை!"

சுலபா பேனாவை எடுத்து அண்ணனிடம் நீட்டினாள்.

"அண்ணா, குறிச்சுக்கோங்க" என்றாள் சுலபா. "ஆறு, தானா ஒத்துக்கிட்டது."

வெள்ளித் தாளோடு தட்டு அவன் முன்னாலிருந்து நகர்ந்தது. ஹேரம்புக்கு நிஜமாகவே கண்ணில் நீர் முட்டியது. லட்டுக்காக மட்டுமல்ல. பதினாறு வருடம் பாடம் எடுத்தவனுக்கு இது எப்படி நடந்தது?

"கீழ ஒரு வரி போட்டேனே சுலபா... எழுதாதேன்னு தெளிவா சொல்லியிருந்தேனே..."

"பார்த்தேன். தலைப்புல எல்லாத்தையும் எழுதுன்னு ஒரு வரி. கீழ வந்து எழுதாதேன்னு இன்னொரு வரி. எதுதான் செல்லும்னு எனக்கும் சந்தேகம். போட்டோ எடுத்து எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் பிரிவு ருதுஜாவுக்கு அனுப்பினேன். அவ சிரிச்சா. முதல்ல என்ன சொன்னோமோ அதைத்தான் அது பிடிச்சுக்குமாம். ரெண்டாவது தடவை வேற மாதிரி சொன்னா சண்டையும் போடாதாம், பதிலும் சொல்லாதாம். காதுலயே வாங்காதாம்."

"ஆமா..." என்றான் ஹேரம்ப். இதையும் அவன் பாடத்தில் சொல்வது உண்டு. மூன்றாவது நாள், சாப்பாட்டுக்கு அப்புறம், எல்லோரும் தூங்குகிற நேரத்தில்.

"நம்ம வீடு மாதிரியேதான்னு ருதுஜாகிட்ட சொன்னேன். முதல்ல நான் சொன்னது நிக்கும். அப்புறம் நீங்க சொல்றது சொல்லிக்கிட்டே இருக்கலாம்."

மறுநாள் காலை ஐந்தரை. குளிர். பர்வதி மலையின் நாற்பதாவது படியில் ஹேரம்ப் கைப்பிடிச் சுவரைக் கட்டிக்கொண்டு நின்றான். நாலு படி மேலே சுபேதார், மூச்சுக்கூட வாங்காமல், பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே இரண்டு லட்டு.

"மச்சான்! அப்ப நீங்கதானா அது!"

"எது?" சுபேதார் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். "நான் அலமாரியைத் தொட்டதே இல்லை மாப்ளே. சுலபாதான் கையில குடுப்பா. தினமும் ரெண்டு. 'இருபத்தெட்டு தீபாவளி நீங்க ரொட்டியும் பனியும் தின்னது போதும் அண்ணா, உங்களுக்குச் சட்டம் கிடையாது'ன்னு சொல்லிட்டா. அதுலயும் ஒரு கண்டிப்பு. நீங்க குளிக்கப் போன அப்புறம்தான் எடுப்பா. போன் சார்ஜ்ல இருக்கான்னு ஒரு தடவை தொட்டுப் பார்த்துட்டுத்தான் கதவையே திறப்பா."

மிச்சம் அறுபத்து மூன்று படியையும் ஏறி இறங்கிய ஹேரம்ப், வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் பாய்ந்தான்.

"சுலபா! எல்லாம் தெரிஞ்சு போச்சு! பதினொண்ணுல அஞ்சு நீ! என் போனை இங்க மாத்தினதே அதுக்குத்தான்! ரெண்டாவது திருடன் நீதான்!"

சுலபா அவல் உப்புமாவின் மேல் கொத்தமல்லி தூவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

"அப்படியா? கோப்புல இருக்கா?"

இருந்தது. பதினொன்றும் அவன் பேரில்தான் இருந்தது.